இடுகுறியும் காரணமும்: பறவைகளின் அறிவியற்பெயர்களைக் கிறித்தவ நோக்கில் வாசித்தல் – விராலிமலை மயிலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பறவைகளின் அறிவியற்பெயர்கள் பெரும்பாலும் இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கப்பட்டவை. அவற்றுள் பலவற்றை இட்டவர்கள் ஐரோப்பியக் கிறித்தவச் சூழலில் வாழ்ந்தவர்கள். இதனால் அப்பெயர்களில் கிறித்தவப் பொருள் உறைந்துள்ளது எனக் கொள்ளும் வாசிப்பு எளிதில் எழுகிறது. அவை சமயச் சார்பற்ற வெறும் குறியீடுகள் எனக் கொள்ளும் வாசிப்பும் அதே அளவு எளிதில் எழுகிறது. தமிழகத்தோடு தொடர்புடைய சில பறவைப் பெயர்களைத் தமிழ் இலக்கணத்தின் இடுகுறி, காரணம், ஆகுபெயர் ஆகிய கருத்தாக்கங்களைக் கொண்டு ஆராயும் இக்கட்டுரை, இவ்விரு வாசிப்புகளும் குறைபாடுடையவை என நிறுவ முயல்கிறது. பெயரின் காலம், இட்டவரின் நோக்கம், அப்பறவைக்கு மண்ணில் வழங்கிய பெயர் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கும்போதுதான் கிறித்தவ நோக்கிலான வாசிப்பு திறனாய்வாகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: அறிவியற்பெயர், காரணப்பெயர், ஆகுபெயர், விவிலியம், மயில், விராலிமலை

முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள விராலிமலை, முருகன் கோயிலுக்கும் மயில்களுக்கும் பெயர்பெற்றது. அருணகிரிநாதரின் திருப்புகழில் இடம்பெற்ற தலம் இது. வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூரும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. ஆகவே, மயில் என்னும் ஒரு பறவை முருகனின் ஊர்தியாகவும் கிறித்தவ ஓவிய மரபின் அழியாமைச் சின்னமாகவும் விலங்கியலாளரின் 'பாவோ கிரிஸ்டாடஸ்' ஆகவும் ஒரே வட்டாரத்தில் அறியப்படுகிறது. இம்மூன்று அறிதல்களும் ஒன்றையொன்று எவ்வாறு தொடுகின்றன என்பதே இக்கட்டுரையை எழுப்பிய வினாவாகும்.

தமிழில் பறவைப் பெயர் ஆய்வு புதிதன்று. பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' இலக்கியப் பறவைகளை விலங்கியல் இனங்களோடு இணைத்துக் காட்டியது. க. ரத்னத்தின் 'தமிழில் பறவைப் பெயர்கள்' வழக்கிலுள்ள பெயர்களைத் தொகுத்தது. இத்தகைய ஆய்வுகளில் அறிவியற்பெயர் ஓர் அடையாள எண்ணைப் போலவே பயன்படுகிறது. தமிழ்ப்பெயருக்குப் பொருள் உண்டு. அறிவியற்பெயருக்குப் பொருத்தம் மட்டுமே உண்டு என்பதுபோன்ற நிலை இது. அறிவியற்பெயரையும் ஒரு பனுவலாகக் கொண்டு, அதற்குரிய சொல்லாக்க நெறியையும் சமயப் பின்புலத்தையும் ஆராய வேண்டிய தேவை இங்கிருந்து எழுகிறது.

பெயரிடும் உரிமை: தொடக்கநூலும் லின்னேயஸும்

விவிலியத்தின் தொடக்கநூல் முதல் அதிகாரத்தில் கடவுள் பகல், இரவு, வானம், நிலம், கடல் ஆகியவற்றுக்குப் பெயரிடுகிறார். விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் அவர் பெயரிடவில்லை. இரண்டாம் அதிகாரத்தின் 19, 20ஆம் வசனங்களில் அவற்றை மனிதனிடம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுவான் எனப் பார்க்கிறார். மனிதன் இட்டதே அவற்றின் பெயராகிறது. உயிரினங்களின் பெயர் இறைவெளிப்பாடாக அமையாமல் மனிதச் செயலாகவே அமைகிறது என்பது இப்பகுதியின் முதன்மையான கருத்து. பெயர் மனிதனுடையது என்றால் அது பிழைபடவும் கூடும்; ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருக்கக் கூடும். இக்கருத்து பின்வரும் ஆய்வு முழுமைக்கும் அடிப்படையாகிறது.

சுவீடன் நாட்டு லூத்தரன் குருவின் மகனான கார்ல் லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' படைப்பைப் போற்றும் 104ஆம் திருப்பாடலின் வசனத்தோடு தொடங்கியது. அவரை 'இரண்டாம் ஆதாம்' எனக் குறிப்பிடும் வழக்கமும் உண்டு. அந்நூலின் 10ஆம் பதிப்பே விலங்கியல் பெயரிடலின் தொடக்கமாக ஏற்கப்பட்டுள்ளது. 1758 ஜனவரி 1 அதன் நாளாகக் கொள்ளப்படுகிறது. ஓர் உயிரினத்துக்குப் பேரினப்பெயர் ஒன்றும் சிற்றினப்பெயர் ஒன்றும் இணைந்த இருசொற்பெயர் இட்டு, உலகெங்கும் அதனையே வழங்குவது இம்முறையின் நெறி.

லின்னேயஸின் இறைப்பற்றைக் கொண்டு அவர் இட்ட பெயர்களெல்லாம் இறைப்பற்றின் வெளிப்பாடுகள் எனக் கூறுதல் பொருந்தாது. படைப்பில் ஓர் ஒழுங்கு உண்டு என்னும் நம்பிக்கை அவருடைய முறைக்கு ஊக்கமளித்தது. பெயர்களுக்கான சொற்களையோ அவர் கிரேக்கத் தொன்மம், பழைய இலத்தீன் வழக்கு, வணிகர் கொணர்ந்த ஊர்ப்பெயர்கள் எனப் பல களஞ்சியங்களிலிருந்து எடுத்தார். முறையின் பின்புலம் வேறு. சொல்லின் பொருள் வேறு. இவ்வேறுபாட்டை மறக்கும் இடத்தில்தான் மிகைவாசிப்பு தொடங்குகிறது.

காரணப்பெயர் இடுகுறியாதல்

பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்து, அவற்றைப் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என மேலும் வகுப்பது நன்னூல் மரபு. பேரினப்பெயரைப் பொதுப்பெயராகவும் சிற்றினப்பெயரைச் சிறப்புப்பெயராகவும் கருதினால், இருசொற்பெயரை விளக்க இம்மரபே போதுமானது. அறிவியற்பெயர் பிறக்கும்போது பெரும்பாலும் காரணப்பெயராகவே பிறக்கிறது. நிறமோ குரலோ வாழிடமோ கண்டெடுத்தவரின் பெயரோ அதற்குக் காரணமாகிறது. பெயரிடல் விதித்தொகுப்போ, காரணம் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரை விலக்க இடந்தருவதில்லை. முன்னதாக முறைப்படி வெளியான பெயரே நிலைபெறும்.

தூக்கணாங்குருவி இதற்குத் தக்க சான்று. 1766இல் லின்னேயஸ் இதனைப் பிலிப்பைன்ஸ் தீவுகளோடு தொடர்புபடுத்திப் பெயரிட்டார். இன்றும் இது 'புளோசியஸ் பிலிப்பைனஸ்' என்றே வழங்குகிறது. ஆனால் இக்குருவி பிலிப்பைன்ஸின் இயல்வாழ் பறவையன்று. தமிழகத்துப் பனைகளிலும் கிணற்றோர மரங்களிலும் கூடு தொங்கவிடும் பறவை, தான் வாழாத நாட்டின் பெயரை இரண்டரை நூற்றாண்டுகளாகச் சுமந்து வருகிறது. காரணம் பிழைபட்ட பின்னும் பெயர் நிற்பதால் அது இடுகுறியின் தன்மையை எய்திவிட்டது. ஆகவே ஓர் அறிவியற்பெயரின் வேர்ப்பொருளை அப்பறவையைப் பற்றிய உண்மையாகக் கொள்ளுதல் ஆகாது. வேர்ப்பொருள் பெயரிட்டவரின் அறிவுக்கும் அறியாமைக்கும் சான்றாகவே நிற்கிறது.

துறவாடை அணிந்த குயில்

கிறித்தவப் பொருள் ஐயத்துக்கிடமின்றி அமைந்த பெயர் ஒன்று தமிழகக் கடற்கரையிலிருந்தே கிடைக்கிறது. மேலே கருமையும் கீழே வெண்மையும் தலையில் கொண்டையும் உடைய இப்பறவையைத் தமிழில் சுடலைக் குயில் என்பர். இதன் அறிவியற்பெயர் 'கிளமேட்டர் ஜாக்கோபினஸ்'. பிரெஞ்சு இயற்கையியல் நூல்களில் சோழமண்டலக் கரைக்குரியதாகப் படத்துடன் இடம்பெற்ற இதற்கு 1783இல் பொடார்ட் இச்சிற்றினப்பெயரை வழங்கினார். வெண்ணிற உடையின்மேல் கருநிற மேலங்கி அணியும் தொமினிக்கன் துறவியரைக் குறிக்கும் சொல் இது. தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் சபை என வழங்கும் இச்சபையின் பாரிசு மடம் புனித யாக்கோபின் பெயரால் அமைந்த இடத்தில் இருந்தமையால், பிரான்சில் அத்துறவியர் யாக்கோபின் பெயரடியாக 'ஜாக்கோபின்' என அழைக்கப்பட்டனர்.

இப்பெயரின் பொருட்பயணத்தை ஆகுபெயர் கொண்டு விளக்கலாம். ஆள்பெயர் இடத்துக்கு ஆயிற்று. இடப்பெயர் அங்கு வாழ்ந்த துறவியர்க்கு ஆயிற்று. துறவியர் பெயர் அவர்தம் ஆடையின் வண்ணத்தைச் சுட்டி, அவ்வண்ணமுடைய பறவைக்கு ஆயிற்று. கருமையைக் குறிக்கும் 'கார்' மேகத்துக்கும் பருவத்துக்கும் பயிருக்கும் ஆவதை மும்மடியாகுபெயர் என உரையாசிரியர் காட்டும் நெறியே இலத்தீன் சொல் ஒன்றிலும் செயற்படுவதைக் காண்கிறோம். விவிலியப் பெயர் ஒன்று இத்தனை படிகளைக் கடந்து சோழமண்டலக் குயிலை வந்தடைந்துள்ளது.

இங்கே மிகைவாசிப்புக்கு வாய்ப்பும் உண்டு. 'கிளமேட்டர்' என்னும் பேரினப்பெயருக்கு உரக்கக் கூவுவது என்று பொருள். தொமினிக்கன் சபையோ மறையுரை ஆற்றுவதையே தன் பணியாகக் கொண்டது. இரண்டையும் இணைத்தால் 'கூவி அறிவிக்கும் துறவி' என்னும் அழகிய பொருள் கிடைக்கும். பாலைநிலத்தில் குரலெழுப்பிய திருமுழுக்கு யோவானையும் அது நினைவூட்டும். ஆனால் சிற்றினப்பெயர் 1783இல் பொடார்ட் இட்டது. பேரினப்பெயரோ 1829இல் காப் என்பவர் அமைத்தது. நாற்பத்தாறு ஆண்டு இடைவெளியில் இருவர் தனித்தனிக் காரணம் பற்றி இட்ட பெயர்கள் வகைப்பாட்டு விதியால் ஒன்றுசேர்ந்தன. அவ்விணைப்பில் ஒருவரின் கருத்தும் இல்லை. காலத்தைச் சேர்த்துப் பார்த்த அளவில் அழகிய பொருள் கலைந்துவிடுகிறது.

காலம் மற்றொரு மயக்கத்தையும் நீக்குகிறது. 'ஜாக்கோபின்' என்றவுடன் பிரெஞ்சுப் புரட்சிக் குழுவினரே நினைவுக்கு வருவர். அக்குழுவினர் அப்பெயர் பெற்றது அத்துறவியரின் பாரிசு மடமொன்றில் கூடியதால்தான். பறவைப்பெயரோ 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முற்பட்டது. எனவே இது துறவியரின் ஆடையையே சுட்டுகிறது என்பது உறுதி.

இதே பறவையைத் தமிழ் மரபு சுடலையோடு சேர்த்துப் பெயரிட்டுள்ளது. மழைத்துளிக்காகக் காத்திருப்பதாகக் கவிஞர் கூறும் சாதகப் புள் இதுவே என்னும் கருத்தும் உண்டு. பாரிசின் மடம், தமிழரின் சுடலை, வடமொழி மரபின் மேகம் என மூன்று உலகங்கள் ஒரு குயிலின்மேல் வந்து படிந்துள்ளன. அறிவியற்பெயரின் கிறித்தவப் பொருளை மட்டும் எடுத்துரைத்து மற்ற இரண்டையும் விடுவது ஆய்வாகாது.

துறைமுகங்களின் பெயர்கள்

தமிழகப் பறவைகளின் அறிவியற்பெயர்களில் தென்படும் இடப்பெயர்களுள் புதுச்சேரி, தரங்கம்பாடி, சென்னை ஆகிய மூன்றும் உண்டு. மூன்றும் ஐரோப்பியக் கும்பினிகளின் துறைமுகக் குடியிருப்புகள். விராலிமலை போன்ற உள்நாட்டுப் புதர்க்காடுகளில் வாழும் கவுதாரி, 1789இல் மெலின் இட்ட பெயரால் 'பாண்டிசெரியானஸ்' என வழங்குகிறது. புதுச்சேரியிலிருந்து சென்ற விவரத்தின் வழியாகவே ஐரோப்பா அதனை அறிந்தது. கப்பல் நின்ற இடமே பறவையின் ஊராயிற்று.

சென்னைக்குரிய சான்று வெண்புருவ வாலாட்டி. ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராயிருந்த எட்வர்டு பக்லி அனுப்பிய பறவைச் செய்திகள், ஜான் ரேயின் மறைவுக்குப் பின் 1713இல் வெளியான பறவையியல் நூலில் இடம்பெற்றன. ரே 1660இல் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். படைப்பில் வெளிப்படும் இறைஞானத்தைப் பற்றி 1691இல் அவர் வெளியிட்ட நூல் இயற்கை இறையியலின் முதன்மையான ஆக்கங்களுள் ஒன்று. அவ்வழிவந்த வாலாட்டிக்கு மெலின் இட்ட பெயர் 'மோட்டாசில்லா மதராஸ்படென்சிஸ்' என்பது. இதன் பின்னணியில் ஒரு குருவின் இறையியல் உண்டு. ஆயினும் பெயருக்குள் இருப்பது இறையியலன்று, 'மதராசபட்டினம்' என்னும் ஊர்ப்பெயரே. 'பட்டினம்' என்னும் நம் சொல்லின் முற்பகுதி இலத்தீன் ஈற்றோடு கூடி நிற்கிறது.

தரங்கம்பாடிக்குரியது கழுத்தில் கரும்பட்டையுடைய சிறு செம்புறா. ஹெர்மன் எழுதி 1804இல் வெளியான நூலால் இது 'ஸ்ட்ரெப்டோபீலியா டிராங்குபாரிகா' என்னும் பெயரின் சிற்றினப்பகுதியைப் பெற்றது. நோவாவின் பேழையிலிருந்து பறந்ததும் யோர்தான் ஆற்றங்கரையில் தூய ஆவியின் வடிவாய் இறங்கியதும் புறாவே. தரங்கம்பாடியோ 1706இல் சீகன்பால்கும் புளுட்சோவும் வந்திறங்கிய ஊர். இந்தியாவில் சீர்திருத்தத் திருச்சபையின் மறைப்பணி தொடங்கிய இடம். 'தரங்கம்பாடிப் புறா' என்னும் தொடரை நற்செய்தியின் வருகைக்குக் குறியீடாக வாசிக்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் பெயர் கூறுவது ஊரை மட்டுமே. குறியீட்டை வாசகர் கொண்டுவருகிறார். பக்தி இலக்கியத்தில் அவ்வாறு கொண்டுவருதல் உரிமை. ஆய்வில் அதனைப் பெயரிட்டவரின் கருத்தாகக் காட்டுதல் பிழை.

வெண்மார்பு மீன்கொத்தியின் 'ஹால்சியான் ஸ்மிர்னென்சிஸ்' என்னும் பெயருக்கும் இது பொருந்தும். திருவெளிப்பாட்டு நூல் குறிப்பிடும் ஏழு திருச்சபைகளுள் சிமிர்னாவும் ஒன்று. லின்னேயஸ் இப்பெயரால் சுட்டியதோ அக்காலத்தில் ஐரோப்பியர் வணிகம் செய்த சிமிர்னா நகரை, இன்றைய இஸ்மிரை. துன்புற்ற திருச்சபைக்கும் குளக்கரை மீன்கொத்திக்கும் இடையே உள்ளது ஊர்ப்பெயர் ஒற்றுமை ஒன்றே.

மறைப்பணியாளர் பெயர் தாங்கிய பறவை

கிறித்தவத் தொடர்பை முற்றிலும் மறுக்கும் வாசிப்பும் இதே அளவுக்குப் பிழையானது. பழனிமலையின் சோலைக்காடுகளில் வாழும் சிரிப்பான் வகைப் பறவை ஒன்றுக்கு 1869இல் பிளான்ஃபோர்டு 'ஃபேர்பேங்கி' என்னும் சிற்றினப்பெயரை இட்டார். அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பேக்கன் ஃபேர்பேங்க் என்னும் மறைப்பணியாளரைச் சிறப்பிக்கும் பெயர் இது. அவர் பழனிமலைப் பறவைகளைத் திரட்டி, அவற்றைப் பற்றி எழுதியவர். முருகனின் மற்றொரு மலையில் கிறித்தவ மறைப்பணியாளர் ஒருவரின் பெயர் ஒரு பறவையின்மேல் நிலைத்துவிட்டது.

தரங்கம்பாடியில் பணிபுரிந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜானின் (1747–1813) பெயரும் இவ்வாறே உயிரினங்களில் நிலைத்துள்ளது. 1792இல் புளோக் ஒரு கடல்மீனுக்கும், 1801இல் ரசல் மண்ணுளிப் பாம்புக்கும் அவர் பெயரை இட்டனர். பள்ளி நடத்துதல், மொழி கற்றல் ஆகியவற்றோடு இயற்கைப் பொருள்களைத் திரட்டி ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்புதலும் அன்றைய மறைப்பணியாளர் சிலரின் வாழ்வில் இடம்பெற்றது. 'அறிவியற்பெயருக்குச் சமயமில்லை' எனக் கூறிவிட்டால் இவ்வரலாறு மறைந்துபோகும்.

சிறப்புப்பெயர்களின் அறம் இன்று கேள்விக்குள்ளாகியுள்ளது. தன் ஆட்சிக்குட்பட்ட நிலப்பகுதிப் பறவைகளுள் மனிதர் பெயர் தாங்கியவற்றின் ஆங்கிலப் பெயர்களை மாற்ற 2023இல் அமெரிக்கப் பறவையியல் கழகம் முடிவு செய்தது. அம்முடிவு அறிவியற்பெயர்களைத் தொடவில்லை. ஃபேர்பேங்கின் பெயரை நீக்குவதால் மட்டும் நீதி நிறைவேறிவிடாது. மாதிரிகளைத் திரட்டிய காலத்தில் காட்டைக் காட்டியவர், வழிநடந்தவர், பறவையின் குரலை இன்னதென்று அடையாளம் சொன்னவர் ஆகியோருள் எவருக்கும் சிற்றினப்பெயரில் இடமில்லை என்பதே பெரிய குறை. தொடக்கநூலின் பெயரிடும் காட்சியில் உயிரினத்தை நேரில் கண்டு, அதன்பின் பெயரிடுதல் நிகழ்கிறது. தொலைவிலிருந்து உலர்ந்த தோலைப் பார்த்துப் பெயரிட்ட பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு முறையை விவிலிய அளவுகோலால் அளந்தாலும் இக்குறை தெரியவரும்.

பிற சமயப் பெயர்கள் தரும் படிப்பினை

அறிவியற்பெயர்கள் கிறித்தவ ஐரோப்பாவின் சமயக் கருவிகள் என்னும் கருத்துக்கு எதிர்ச்சான்றுகளும் உண்டு. புள்ளி ஆந்தை 'ஏத்தீனி பிராமா' எனப்படுகிறது. பேரினப்பெயர் கிரேக்கத் தெய்வத்தையும், 1821இல் டெம்மிங்க் இட்ட சிற்றினப்பெயர் பிரமனையும் நினைவூட்டுகின்றன. கருந்தலை மைனாவின் சிற்றினப்பெயரான 'பகோடாரம்', 'கோயில்களுக்குரிய' என்னும் பொருளது. கள்ளப்பருந்தின் இந்தியக் கிளையினத்துக்கு 1832இல் சைக்ஸ் 'கோவிந்தா' என்று பெயரிட்டார். இவர்கள் கிறித்தவச் சூழலில் வளர்ந்திருந்தும் பிற சமயத் தெய்வப்பெயர்களைத் தயக்கமின்றிக் கையாண்டனர்.

இதனைச் சமய நல்லிணக்கம் எனப் போற்றுவதும் அவசரமாகும். வழிபாட்டுச் சூழலிலிருந்து பிரிக்கப்பட்ட தெய்வப்பெயர் இங்கே வட்டார அடையாளமாக மட்டுமே செயற்படுகிறது. தமிழர் கருடன் எனக் கண்டு கைகூப்பும் செம்பருந்துக்கு 1783இல் கிடைத்த பெயர் 'இண்டஸ்', அதாவது இந்தியாவுக்குரியது. வணங்கப்படும் பறவையின் பெயரில் தெய்வம் இல்லை. அத்தகைய வணக்கத்துக்கு உரியதல்லாத பருந்தின் பெயரில் கோவிந்தன் உண்டு. மண்ணின் வழிபாட்டு அறிவு பெயரிட்டவரைச் சென்றடையவில்லை அல்லது அவர்க்குத் தேவைப்படவில்லை என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

கிரிஸ்டாடஸ், தோகை, சிகி

இனி விராலிமலை மயிலுக்கு வருவோம். 1758இல் லின்னேயஸ் இட்ட 'பாவோ கிரிஸ்டாடஸ்' என்னும் பெயரின் இரண்டாம் சொல் ஒலியளவில் கிறிஸ்துவின் பெயரை ஒத்தது. மயில் உயிர்த்தெழுதலின் சின்னம் என அறிந்த ஒருவர் இவ்வொலியொப்புமையில் பொருள் காண முற்படலாம். ஆனால் 'கிரிஸ்டா' என்னும் இலத்தீன் சொல் கொண்டையைக் குறிப்பது; 'கிறிஸ்து' என்பதோ அருள்பொழிவு பெற்றவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வேர்கள் வெவ்வேறானவை. 'பாவோ' என்பது மயிலுக்குரிய பழைய இலத்தீன் பெயர். ஆக, முழுப்பெயரின் பொருள் 'கொண்டையுடைய மயில்' என்பதே.

மயில் கிறித்தவச் சின்னமானது இப்பெயரால் அன்று. புனித அகுஸ்தீன் 'இறைவனின் நகரம்' என்னும் நூலின் 21ஆம் பகுதியில், கார்த்தேஜில் தமக்குப் பரிமாறப்பட்ட மயிலிறைச்சியில் ஒரு துண்டை எடுத்து வைத்துப் பார்த்ததாகவும், ஓராண்டுக்குப் பின்னும் அது அழுகவில்லை எனவும் எழுதுகிறார். உரோமையின் நிலவறைக் கல்லறைகளிலும் இராவென்னாவின் கல்பேழைகளிலும் மயில் இடம்பெற்றிருப்பதற்கு அழியாமை பற்றிய இந்நம்பிக்கையே அடிப்படை. லின்னேயஸின் பெயரோ இம்மரபிலிருந்து எதனையும் எடுத்துக்கொள்ளவில்லை.

விவிலியத்துக்கும் தமிழ் மயிலுக்கும் உள்ள தொடர்பை அறிவியற்பெயரில் தேடுவதைவிட எபிரேயச் சொல்லில் தேடுவது பயன் தரும். சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களைக் கூறும் 1 அரசர் 10:22இல் 'துக்கியீம்' என்னும் சொல் வருகிறது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அதனை மயில்கள் எனப் பெயர்த்தது. இடையன்குடியில் மறைப்பணி ஆற்றிய கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், இச்சொல் தமிழின் 'தோகை'யிலிருந்து சென்றது எனக் கருதினார். அச்சொல் மயிலையே குறிக்கிறது என்பதை ஏற்காத அறிஞரும் உளர். ஆகவே இதனை ஒரு கருதுகோளாகவே கொள்ளல் வேண்டும். அக்கருதுகோள் சரியாயின், கடல் கடந்து சென்றது ஒரு சினையாகுபெயர். பறவையின் உறுப்பைக் குறித்த சொல் பறவைக்கே ஆகி, அவ்வாறு ஆன பொருளோடு மறைநூலில் இடம்பெற்றதாகிறது.

தமிழ் மண்ணில் மயிலும் கிறித்தவமும் ஓர் ஊர்ப்பெயரிலும் சந்திக்கின்றன. மயிலாப்பூரில் உமையம்மை மயில் வடிவில் சிவனை வழிபட்டதாகத் தலபுராணம் கூறும். அதே பகுதியில் மறைந்த புனித தோமாவைப் பற்றி மார்க்கோ போலோ ஒரு வழக்காற்றைத் தருகிறார். மயில்களை வேட்டையாடியவன் எய்த அம்பு, அவற்றின் நடுவே செபத்தில் இருந்த தோமாவின்மீது பாய்ந்தது என்பது அவ்வழக்காறு. இக்கதையின் வரலாற்று உண்மை இங்கு ஆய்வுப்பொருளன்று. சைவரும் கிறித்தவரும் தத்தம் நினைவுகளை ஏற்றிவைக்கும் அளவுக்கு மயிலாப்பூர் என்னும் தமிழ்ப்பெயர் இடங்கொடுத்துள்ளது என்பதே கருதத்தக்கது. அறிவியற்பெயரில் இத்தகைய இடமில்லை. ஒருபொருட்கு ஒருபெயர் என்னும் நெறிக்காக அது பன்முகப் பொருளைத் துறந்துவிட்டது.

அத்துறவுக்கும் பயன் உண்டு. பிணிமுகம் என்னும் சொல் மயிலையும் முருகனின் ஊர்தியாகிய யானையையும் குறிக்கும். சிகி என்பது மயிலையும் நெருப்பையும் கேதுவையும் குறிக்கும். மயிலுக்கோ மஞ்ஞை, தோகை, மயூரம் எனப் பெயர்கள் பல. ஒருபொருட் பன்மொழியும் பலபொருள் ஒருமொழியும் நிகண்டுக்கு வளம், வகைப்பாட்டியலுக்கு இடர். வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்தது நிகண்டின் இவ்வளத்தை ஒழுங்குபடுத்தும் முயற்சியே. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் லின்னேயஸின் முதற்பதிப்பு வெளிவந்தது. இருவரும் ஒழுங்கை நாடினர். முனிவர் பெயர்களின் பன்மையைக் காத்து ஒழுங்கு செய்தார். லின்னேயஸின் வழிவந்த முறை பன்மையை விலக்கி ஒழுங்கு செய்தது.

ஆயினும் இரு மரபுகளும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. சிகி என்னும் பெயர் சிகை உடையது என்னும் காரணம் பற்றியது. கிரிஸ்டாடஸ் என்பதும் கொண்டையுடையது என்னும் காரணம் பற்றியதே. ஒருவரையொருவர் அறியாத இரு மரபினர் ஒரே பறவையைப் பார்த்து ஒரே உறுப்பைக் கொண்டு பெயரிட்டுள்ளனர். முருகனும் கிறிஸ்துவும் பெயரின் பொருளில் இடம்பெறாத இவ்விடத்தில் பறவை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. படைப்பை உற்று நோக்குதலே பெயரிடுதலின் முதற்படி எனக் கொண்டால், சமயச் சொல் ஒன்றும் இல்லாத இப்பெயர் தொடக்கநூலின் காட்சிக்கு மிக அருகில் நிற்பதாகக் கூறலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, அறிவியற்பெயர்களில் கிறித்தவப் பொருள் நேரடியாக அமையும் இடங்கள் உண்டு. 'ஜாக்கோபினஸ்', 'ஃபேர்பேங்கி' ஆகியன அத்தகையவை. 'டிராங்குபாரிகா', 'ஸ்மிர்னென்சிஸ்' ஆகியவற்றில் அது வாசகரால் ஏற்றப்படுவது. 'கிரிஸ்டாடஸ்' என்பதில் அது ஒலிமயக்கம் மட்டுமே. இம்மூன்றையும் ஒன்றாக்கி உரைக்கும் கட்டுரைகள் விவிலியத்துக்கும் மொழியியலுக்கும் ஒருசேரத் தீங்கிழைக்கின்றன.

இரண்டாவதாக, பெயரிட்ட ஆண்டும் பெயரிட்டவரும் தெரியாமல் வேர்ப்பொருளை மட்டும் கொண்டு விளக்கம் கூறுதல் கூடாது. 'கிளமேட்டர் ஜாக்கோபினஸ்' இதற்குப் போதிய எச்சரிக்கை.

மூன்றாவதாக, உயிரினத்தின் பெயரை மனிதச் செயலாகக் காட்டும் தொடக்கநூலின் கருத்தை ஏற்கும் ஒருவர், லின்னேயஸ் மரபினரை மட்டும் பெயரிடுவோராகக் கொள்ள இயலாது. சுடலைக் குயில் என்றவரும் சிகி என்றவரும் தோகை என்றவரும் அதே செயலைச் செய்தவர்களே. அவர்தம் பெயர்களையும் கேட்பது கிறித்தவ நோக்குக்குப் புறம்பானதன்று, அந்நோக்கே வேண்டுவது.

அறிவியற்பெயரிடலும் இத்திசையில் நகரக்கூடியதே என்பதற்குச் சான்று உண்டு. 2017இல் வி. வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளுக்காக இரு புதிய பேரினங்களை நிறுவினர். ஃபேர்பேங்கின் பெயர் தாங்கிய பறவை அவற்றுள் ஒன்றான 'மாண்டிசிங்க்லா'வில் சேர்ந்தது. மற்றொன்றின் பெயர் 'ஷோலிகோலா', அதாவது சோலையில் வாழ்வது. மறைப்பணியாளரின் பெயர் நீக்கப்படவில்லை. தமிழின் சோலையும் பெயருக்குள் நுழைந்துவிட்டது. விராலிமலை மயிலுக்கு இனி வேறு அறிவியற்பெயர் தேவையில்லை. அதன் இலத்தீன் பெயரைக் கற்பிக்கும் வகுப்பறையில் சிகி என்னும் பெயரையும் உடன் கற்பித்தால், கொண்டையைக் கண்டு பெயரிட்டவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பதை மாணவர் அறிவர்.